எடிட்டிங்கில் சரியாகிவிடாது

"அதெல்லாம் எடிட்டிங்குல பார்த்துக்கலாம் சார்." கல்யாணமோ, சதாபிஷேகமோ, வீட்டுப் பெரியவரைப் பேசவைத்துப் பதிவு செய்வதோ, வீடியோக்காரர் வருகிற இடத்துக்கெல்லாம் இந்த வாக்கியமும் கூடவே வந்துவிடுகிறது. இது பொய் என்று எழுதத்தான் இன்று உட்கார்ந்தேன். முழுப் பொய் இல்லை, முக்கால் பொய்.

சரிசெய்யக் கூடியவை உண்டு, மறுக்கவில்லை. நம் ஊர் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். ஒயரோ எர்த்தோ சரியில்லை என்றால் அந்த 50-ம் அதன் மடங்குகளான 100, 150-ம் 'ம்ம்ம்' என்று பதிவில் ஏறும். எப்போதும் ஒரே இடத்தில் நிற்கிற சத்தம் ஆகையால், ஆடாசிட்டி மாதிரி இலவச மென்பொருளிலேயே அதை வடிகட்டிவிடலாம். ஆனால் மைக்கின் அளவைக் கூட்டிவைத்து, பேசுகிறவர் குரல் உயர்ந்ததும் மீட்டர் சிவப்பில் போய் முட்டினால், ஒலி அலையின் தலையே வெட்டுப்பட்டுவிடுகிறது. அந்தத் தலையை எந்த மென்பொருளும் திருப்பித் தராது. இப்படி இருந்திருக்கும் என்று ஊகித்து ஒரு தலையை ஒட்டவைக்கும், அவ்வளவுதான். பேசும்போது உச்சம் மைனஸ் 12 டெசிபெல் பக்கம் நிற்கும்படி முதலிலேயே திருகிவைக்க அரை நிமிஷம் ஆகாது.

எதிரொலியும் அப்படித்தான். மைக்குக்கும் வாய்க்கும் உள்ள தூரம் இரண்டு மடங்கானால் நேராக வரும் குரல் 6 டெசிபெல் குறையும். சுவரில் பட்டுத் திரும்பும் சத்தமோ கிட்டத்தட்ட அப்படியே இருக்கும். அதனால்தான் மைக் முகவாய்க்குக் கீழே ஒரு சாண் தூரத்தில் இருக்கவேண்டும். மூன்று லட்ச ரூபாய் கேமரா பத்தடி தள்ளி நின்றால், அதன் காதும் பத்தடி தள்ளித்தான் நிற்கிறது.

எனக்குத் தெரிந்த ஒரு பெரியவர், பிரெஞ்சுப் பட்டாளத்தில் சேர்ந்து சைகோன் போய்வந்த சொல்தா. தொண்ணூறு தாண்டியவர். பேரப்பிள்ளைகள் ஆசைப்பட்டு ஒரு ஸ்டுடியோவை அமர்த்தி அவரை நாற்பது நிமிஷம் பேசவைத்தார்கள். மூன்று கேமரா, அதில் ஒன்று 4கே. குரலுக்கு ஒரு காலர் மைக், அதைச் செருகியது மேசைமேல் கிடந்த ஒரு செல்போனில். கடைசியில் கையில் வந்த வீடியோவில் பெரியவர் கிணற்றுக்குள்ளிருந்து பேசினார். "ரூம் சரியில்ல சார், ஃபேன் சத்தம்" என்றார்கள்.

மூலப்பதிவை வாங்கிக் கேட்டேன். போனை யாரோ நகர்த்திய சத்தம் இடிபோல விழுந்தது. சட்டையில் மைக் உரசும் சத்தம் ஒரு துளி இல்லை. அப்படியானால் பதிவு செய்தது காலர் மைக் அல்ல, போனுக்குள்ளேயே இருக்கும் மைக். மைக் முனையைப் பார்த்தால் கறுப்பு வளையம் இரண்டு. பொதுவாக இரண்டு வளையம் கேமராவுக்கு, மூன்று வளையம் செல்போனுக்கு. தப்பானதைச் செருகினால் பல போன்கள் எச்சரிக்காது, சத்தமில்லாமல் தன் மைக்கிலேயே பதிவு செய்துகொண்டு போகும். ஒரு நிமிஷம் பதிவு செய்து, நடுவே காலர் மைக்கை நகத்தால் சுரண்டி, போட்டுக் கேட்டிருந்தால் அங்கேயே தெரிந்திருக்கும்.

இதை எடிட்டிங்கில் 'சரி' பண்ணினார்கள். இரைச்சல் நீக்கும் பொத்தானை ஒரேயடியாகத் தட்டினார்கள். ச, ஃப, ஹ போன்ற மூச்சொலிகளுக்கும் ஃபேன் இரைச்சலுக்கும் அதற்கு அதிக வித்தியாசம் தெரியாது. சைகோன், 'ஐகோன்' ஆயிற்று. யோசித்து நிறுத்திய இடங்களெல்லாம் சுத்தமாக ஊமையாகிவிட்டன. குறையை மறைக்க மேலே வீணை இசை வேறு! அடுத்த மாசியில் பெரியவர் போய்விட்டார். அந்தக் குடும்பத்துக்கு இருக்கிற ஒரே குரல் அதுதான்.

இப்போது ஏஐ வந்துவிட்டது, எல்லாவற்றையும் மீட்டுவிடும் என்கிறார்கள் இளைஞர்கள். கோப்புகளோடு உத்தியோகம் பார்த்தவன் நான். கறையான் அரித்த பக்கத்தைப் பிரதி எடுக்கும்போது 'இவ்விடம் படிக்க இயலவில்லை' என்று குறிப்போமே தவிர, இப்படி எழுதியிருப்பார்கள் என்று நாமே நிரப்ப மாட்டோம். நிரப்பினால் வேலை போகும். பதிவில் இல்லாத ஒலியை ஒரு மென்பொருள் உண்டாக்கித் தந்தால், அது அவர் சொன்னது ஆகாது.

அடுத்த அநியாயம், "கம்ப்யூட்டர் பழசு, புதுசு வாங்குங்க" என்பது. செல்போனில் எடுத்த வீடியோவை எடிட் செய்தால் போகப்போக உதடும் குரலும் ஒட்டாமல் போகிறதே, அதற்குச் சொல்லும் வைத்தியம் இது. பெரும்பாலும் காரணம் வேறு. பல போன்கள் ஒரே சீராகப் படம் பிடிப்பதில்லை. வெளிச்சம் குறைந்தால் நொடிக்கு 30 படம் என்பது குறைந்துவிடும், பிறகு கூடும். சில எடிட்டிங் மென்பொருள்கள் சீராக 30 என்றே கணக்குப் போடும். குரல் தன் வேகத்தில் போகும், படம் பிந்தும் அல்லது முந்தும். ஹேண்ட்பிரேக் என்ற இலவச மென்பொருளில் கோப்பை முதலில் சீரான பிரேம் வேகத்துக்கு மாற்றிக்கொண்டு பிறகு எடிட் செய்தால் பெரும்பாலும் தீர்ந்துவிடும். செலவு பூஜ்யம். கடைக்காரருக்கு இதில் லாபமும் பூஜ்யம், அதனால்தான் சொல்வதில்லையோ என்னவோ.

எங்கள் பிரெஞ்சுப் பள்ளியில் 'திக்தே' என்று ஒன்று உண்டு. ஆசிரியர் வாசிக்க நாங்கள் எழுதவேண்டும். முதல் தடவை வாசிக்கும்போது பேனாவைத் தொடக்கூடாது, கேட்கமட்டும்தான். இந்த வீடியோக்காரர்களில் எத்தனை பேர் அறைக்குள் வந்து ஒரு நிமிஷம் சும்மா நின்று கேட்கிறார்கள்? ஃபிரிட்ஜ், மீன்தொட்டி மோட்டார், பக்கத்து வீட்டு டிவி. ஃபிரிட்ஜை ஒரு மணி நேரம் அணைத்துவைத்தால் பால் கெட்டுவிடாது.

உங்கள் வீட்டில் பெரியவர் யாராவது பேச இருந்தால், பேச்சு ஆரம்பிக்கும் முன் ஹெட்போனை வாங்கி நீங்களே காதில் மாட்டிக் கேளுங்கள். கோபித்துக்கொண்டால் கோபிக்கட்டும். எடிட் செய்ததோடு மூலக்கோப்பையும் பென்டிரைவில் கேட்டு வாங்குங்கள். வாட்ஸ்அப்பில் சாதாரண வீடியோவாக அனுப்புவது வேண்டாம், அது நசுக்கித்தான் அனுப்பும். மூலக்கோப்பைத் தரமாட்டேன் என்கிற ஸ்டுடியோவுக்கு அட்வான்ஸே கொடுக்காதீர்கள்.