மட்டம் தட்டாதீர்கள்!

'மட்டமான ஆளு', 'மட்டம் தட்டாதே'... நம் தமிழில் இந்த 'மட்டம்' என்கிற சொல் படும் பாடு கொஞ்சநஞ்சமல்ல. (பள்ளிக்கு மட்டம் போட்டவர்கள் கைதூக்க வேண்டாம்!) ஆனால் எங்கள் ஊரில் மட்டம் என்றால் முதலில் ஞாபகம் வருவது ஆசாரியின் மூலைமட்டம்தான்.

எங்கள் ஊர் பாறசாலைப் பக்கம், களியக்காவிளையைத் தொட்டுக்கொண்டு இருக்கிறது. 1956 நவம்பர் 1ஆம் தேதி விளவங்கோடு தமிழ்நாட்டுக்குப் போக, நெய்யாற்றின்கரை தாலுகா கேரளத்தில் நின்றுவிட்டது. அதனால் எனக்கு வீட்டில் தமிழ், பள்ளிக்கூடத்தில் மலையாளம். களியக்காவிளையில் படித்த என் சித்தி மகனுக்கு 'செங்கோண முக்கோணம்'. எனக்கு அதுவே 'மட்டத்ரிகோணம்'. ஆசாரியின் கருவி பெயரிலேயே கணக்குப் பாடம்! அதனால்தானோ என்னவோ எனக்கு அது மறந்ததே இல்லை.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். ஷார்ஜாவில் எனக்குத் தரக்கட்டுப்பாட்டு வேலை. இரும்புச் சட்டங்கள் 90 டிகிரியில் நிற்கின்றனவா என்று பார்ப்பதுதான் பிழைப்பு. அப்படிப்பட்டவன் ஊரில் கட்டிய வீடு கோணல்!

வானம் தோண்டக் கயிறு கட்டிய அன்று, பக்கத்து வீட்டு மூத்தாசாரி மாமா அம்மாவிடமிருந்து போனை வாங்கினார். "மக்களே, மூலை சரியில்ல கேட்டியா. குறுக்க ஒருக்கா அளக்கச் சொல்லு" என்றார். நான் என்ன சொன்னேன் தெரியுமா? "இப்ப எல்லாம் கம்ப்யூட்டர் பிளான் மாமா." அவர் மறுபேச்சு பேசவில்லை. கான்ட்ராக்டர் வாட்ஸ்அப்பில் அனுப்பிய படங்களில் எல்லாம் நேராகத்தான் இருந்தது.

டைல்ஸ் போட்டபோதுதான் குட்டு வெளிப்பட்டது. முன்னறையின் 12 அடிச் சுவரோரம், ஒரு முனையில் டைல் சுவரைத் தொடுகிறது. மறுமுனையில் ஏறக்குறைய ஒரு அங்குலம் இடைவெளி. அரை டிகிரிகூடத் தவறில்லை, ஆனால் வாசலில் கால் வைக்கும்போதே கண்ணில் குத்துகிறது. கதவு நிலை வைக்க வந்த மாமாவும் பார்த்தார். ஒரு வார்த்தை சொல்லவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

தவறு எங்கே? கையடக்க மூலைமட்டத்தை வைத்து அஸ்திவாரத்துக்கே மூலை பிடித்திருக்கிறார்கள். 15 சென்டிமீட்டர் தகட்டில் ஒரு மில்லிமீட்டர் பிசகினால், கயிறு 9 மீட்டர் போகும்போது அது 6 சென்டிமீட்டர் ஆகிவிடும். மரக்கட்டையும் தகடும் சேர்ந்த சின்ன மூலைமட்டம் நிலை, ஜன்னல், மேசைக்கு. கொத்தனாரின் பெரிய இரும்பு 'எல்' மட்டம் சுவர் மூலைக்கு. எங்கள் பட்டறையில் முழு எஃகு மட்டம். தகட்டை நகர்த்திப் பூட்டி 45 டிகிரியும் பார்க்கிற காம்பினேஷன் ஸ்கொயரும் உண்டு. அமெரிக்காவின் லரோய் ஸ்டாரெட் 1879ல் காப்புரிமை வாங்கியது.

அஸ்திவாரத்துக்கோ இவை எதுவும் போதாது. கயிறும் டேப்பும் வேண்டும். மூலையிலிருந்து ஒரு பக்கம் 3 அடி, மறுபக்கம் 4 அடி குறித்தால் குறுக்களவு 5 அடி வரவேண்டும். பெரிய மனைக்கு 9, 12, 15 என்று பெருக்கிக்கொள்ளலாம். கடைசியாக மூலைக்கு மூலை இரண்டு குறுக்களவும் சமமா என்று பார்க்கவேண்டும். எதிரெதிர்ப் பக்கங்கள் சமமாக இருந்தால்தான் இந்தச் சோதனை செல்லும், அதையும் மறக்கக்கூடாது. மாமா சொன்னது இதைத்தான்!

போன லீவில் மாமாவுக்கு ஒரு காம்பினேஷன் ஸ்கொயர் வாங்கிப் போனேன். மன்னிப்புக் கேட்க அதைவிட நல்ல வழி தெரியவில்லை. அவர் அதை ஒரு நேரான பலகை ஓரத்தில் வைத்துக் கோடு போட்டார். பிறகு புரட்டிவைத்து அதே புள்ளியிலிருந்து இன்னொரு கோடு. இரண்டும் ஒன்றாகப் படிந்தன. விலகியிருந்தால் அந்த விலகலில் பாதிதான் மட்டத்தின் பிழை. "கொள்ளாம். நீ கொண்டுவந்ததுன்னாலும் பாக்காம எடுக்கப்பிடாதுல்லா" என்று சிரித்தார். வெளிநாட்டு முத்திரையைப் பார்த்து அவர் மயங்கவில்லை. நான் கம்ப்யூட்டர் பிளானைப் பார்த்து மயங்கினேன்.

அதனால் ஊரில் வீடு கட்டுகிற நண்பர்களுக்கு என் கருத்து இதுதான். படம் கேட்காதீர்கள், அளவு கேளுங்கள். கான்கிரீட் போடுமுன் இரண்டு குறுக்களவையும் டேப்பை வைத்து வீடியோவில் காட்டச் சொல்லுங்கள். பத்து நிமிஷ வேலை. பிறகு சுவரை இடித்தாலொழியத் திருத்தமுடியாது. பக்கத்து வீட்டில் ஒரு மூத்தாசாரி இருந்தால் கயிறு கட்டும் நாளில் அவரைக் கூப்பிட்டு நிறுத்துங்கள், ஒருநாள் கூலியும் கொடுங்கள்.

அவர் ஏதாவது சொன்னால், தயவுசெய்து மட்டம் தட்டாதீர்கள். அந்த ஒரு அங்குலத்தை அம்மா இப்போது ஒரு பூந்தொட்டி வைத்து மறைத்திருக்கிறாள்.