கணினிக்கு மட்டும் ஏன் சந்தேகத்தின் பலன்?

மனிதன் தவறு செய்வான், கணினி செய்யாது. இந்த நம்பிக்கை நம்மிடம் ஆழமாக வேரூன்றிவிட்டது. வங்கியிலும் ரேஷன் கடையிலும் தாலுகா அலுவலகத்திலும் “சிஸ்டத்துல அப்படித்தான் காட்டுது” என்று ஒருவர் சொன்னதும் எதிரில் நிற்பவர் வாயடைத்துப் போகிறார். கையில் ரசீது இருந்தாலும், திரை வேறு எண்ணைக் காட்டினால் பொய் சொல்பவர் அவர்தான் என்று ஆகிவிடுகிறது. படிக்காதவர்கள் மட்டும் இப்படி நம்பவில்லை; நீதிபதிகளும் அமைச்சர்களும் நம்புகிறார்கள். இது தவறான நம்பிக்கை மட்டுமல்ல, கொடிய நம்பிக்கை. எவ்வளவு கொடியது என்று அறிய பிரிட்டனின் தபால் நிலையங்களில் நடந்ததைப் பார்த்தால் போதும்.

அங்கே கிளைத் தபால் நிலையங்களில் பெரும்பாலானவற்றை ஒப்பந்த அடிப்படையில் தனிநபர்களே நடத்துகிறார்கள். பலர் தங்கள் மளிகைக் கடையோடு சேர்த்து நடத்துபவர்கள். 1999 முதல் அந்தக் கிளைகளின் கணக்கு வழக்கு முழுவதும் ஹொரைசன் என்ற மென்பொருளுக்கு மாறியது. அதைப் பராமரித்தது புஜிட்சு நிறுவனம். மாறிய கையோடு பல கிளைகளின் கணக்கில் துண்டு விழத் தொடங்கியது. பெட்டியில் இருப்பதைவிடக் கூடுதலாகப் பணம் இருக்க வேண்டும் என்றது ஹொரைசன். குறையும் பணத்தைக் கைக்காசிலிருந்து கட்டுங்கள் என்றது போஸ்ட் ஆபீஸ் நிறுவனம். சேமிப்பைக் கரைத்தார்கள், கடன் வாங்கினார்கள், வீட்டை அடமானம் வைத்தார்கள். கட்ட முடியாதவர்கள் மேல் திருட்டு, மோசடி, பொய்க்கணக்கு என்று வழக்குகள் பாய்ந்தன. 1999க்கும் 2015க்கும் இடையில் 900க்கும் மேற்பட்டோர் தண்டிக்கப்பட்டார்கள். இதில் சுமார் 700 பேர் மேல் வழக்கு நடத்தியது காவல்துறை அல்ல, போஸ்ட் ஆபீஸே. பணம் போனதாகச் சொன்னதும் அதுதான், விசாரித்ததும் அதுதான், கூண்டில் ஏற்றியதும் அதுதான்.

சீமா மிஸ்ரா இந்திய வம்சாவளிப் பெண். சர்ரே பகுதியின் வெஸ்ட் பைஃபிளீட்டில் தபால் நிலையம் நடத்தினார். சுமார் 74,000 பவுண்டு திருடியதாகக் குற்றம் சாட்டப்பட்டு 2010 நவம்பரில் 15 மாதச் சிறைத்தண்டனை பெற்றார். அப்போது அவர் கர்ப்பிணி. தண்டனை விதிக்கப்பட்ட நாள் அவருடைய மூத்த மகனின் பத்தாவது பிறந்தநாள். ஹொரைசனின் கோளாறுகள் பற்றிய ஆவணங்களை அவருடைய வழக்கறிஞர்கள் திரும்பத் திரும்பக் கேட்டார்கள். விசாரணை தொடங்கும் முன்பே ஒரு புதிய பிழை பற்றிய தகவல் போஸ்ட் ஆபீஸ் கைக்கு வந்திருந்தது. அது எதிர்த்தரப்புக்குச் சொல்லப்படவில்லை. பிரிட்லிங்டன் ஊரின் லீ காசில்டன், கணக்கு ஒத்துவரவில்லை என்று உதவி எண்ணுக்கு 91 முறை அழைத்தவர். சுமார் 25,000 பவுண்டு குறைவதாகச் சொல்லி அவர் மேல் உரிமையியல் வழக்கு தொடுத்தார்கள். வழக்கறிஞர் வைக்க வசதியின்றித் தானே வாதாடித் தோற்றார். 3,21,000 பவுண்டு வழக்குச் செலவு தலையில் விழ, திவாலானார்.

பணம் உண்மையில் எங்கே போனது? பல கிளைகளில் எங்கேயும் போகவில்லை. ஸ்காட்லாந்தின் டால்மெலிங்டனில் 2015இல் நடந்தது இது: ஒரு கிளை இன்னொன்றுக்கு 8,000 பவுண்டு அனுப்பியது. திரை நகராததால் மீண்டும் மீண்டும் பொத்தானை அழுத்தினார்கள். ஒவ்வொரு அழுத்தலையும் ஒரு தனி 8,000 ஆகப் பதிந்துகொண்டது ஹொரைசன். நான்கு பதிவுகள் விழுந்தன; இல்லாத 24,000 பவுண்டுக்கு அது கணக்கு கேட்டது. இப்படித் துண்டு விழும்போது “இதை நான் ஏற்கவில்லை” என்று பதிய அந்த மென்பொருளில் இடமே இல்லை. தொகையை ஒப்புக்கொண்டால்தான் அடுத்த கணக்குக் காலத்துக்குப் போகலாம், கடையைத் திறக்கலாம். வேறு வழியின்றி ஒப்புக்கொண்டவர்களைத்தான் பின்னர் பொய்க்கணக்கு எழுதியதாகக் கூண்டில் நிறுத்தினார்கள். குற்றத்தைச் செய்யவைத்ததே அந்த இயந்திரம்தான்.

உதவி எண்ணை அழைத்த பலருக்கு ஒரே பதில் கிடைத்தது: உங்களுக்கு மட்டும்தான் இந்தப் பிரச்சினை. அது பொய். கிளையின் கணக்கை வெளியிலிருந்து யாரும் மாற்ற முடியாது என்று ஆண்டுக்கணக்கில் சாதித்தார்கள். அதுவும் பொய். போஸ்ட் மாஸ்டருக்குத் தெரியாமலே புஜிட்சு ஊழியர்களால் கிளைக் கணக்குக்குள் நுழைந்து பதிவுகளைச் சேர்க்க முடிந்தது. 555 பேர் சேர்ந்து தொடுத்த வழக்கில் 2019 டிசம்பரில் நீதிபதி ஃபிரேசர் இதை உறுதிசெய்தார். ஹொரைசனில் கோளாறே இல்லை என்ற நிறுவனத்தின் பிடிவாதம், பூமி தட்டை என்று இந்த நூற்றாண்டில் சாதிப்பதற்குச் சமம் என்றார்.

மோசமான ஒரு நிறுவனத்தின் கதை என்று இதை ஒதுக்கிவிட முடியாது. அந்த நிறுவனத்தின் பொய்க்குச் சட்டமே துணை நின்றது. 1984இல் இயற்றப்பட்ட காவல் மற்றும் குற்றச் சாட்சியச் சட்டத்தின் 69ஆம் பிரிவு, கணினிப் பதிவைச் சாட்சியமாக வைப்பவர் அந்தக் கணினி சரியாக இயங்கியது என்று காட்ட வேண்டும் என்றது. தேவையற்ற சுமை என்று சொல்லி அந்தப் பிரிவை 1999ஆம் ஆண்டுச் சட்டம் நீக்கியது. அதன்பின், மாறான சாட்சியம் இல்லாதவரை கணினி சரியாகவே இயங்கியது என்று நீதிமன்றம் கருதிக்கொள்ளும் நிலை வந்தது. மாறான சாட்சியத்தைத் தர வேண்டியவர் யார்? மென்பொருளின் ஒரு வரியைக்கூடப் பார்க்க உரிமை இல்லாத கிராமத்துக் கடைக்காரர். பிழைப் பதிவேடு இருந்ததோ புஜிட்சுவின் அலமாரியில். சந்தேகத்தின் பலன் குற்றம் சாட்டப்பட்டவருக்கு என்பது நீதியின் பாலபாடம். அந்தப் பலனை அவரிடமிருந்து பிடுங்கி இயந்திரத்துக்குக் கொடுத்தார்கள்.

கணினியின் கட்சி பேசுவோர் ஒரு கணக்கு சொல்வார்கள்: கோடிக்கணக்கான பரிவர்த்தனைகளில் பிழையானவை மிகச் சில, ஆகவே இந்தத் துண்டு பிழையால் விழுந்திருக்க வாய்ப்பு குறைவு. இந்தக் கணக்கே தவறு. கூண்டில் நிற்பவர் கோடிப் பேரில் குருட்டாம்போக்கில் பொறுக்கப்பட்டவர் அல்லர். துண்டு விழுந்ததாலேயே அங்கு நிற்கிறார். கேட்க வேண்டிய கேள்வி வேறு. துண்டு விழுந்த இடத்தில் திருட்டுக்கு எவ்வளவு வாய்ப்பு, பிழைக்கு எவ்வளவு வாய்ப்பு? நேற்றுவரை நாணயமானவர்கள் என்று ஊர் மதித்த நூற்றுக்கணக்கானோர், ஒரே மென்பொருள் வந்தபின் வரிசையாகத் திருடர்களானார்கள் என்றால் முதலில் எதைச் சந்தேகிக்க வேண்டும்?

நன்றாக எழுதிய மென்பொருளாக இருந்தால் இப்படி நடக்காது என்பார்கள் சிலர். ஆஸ்திரேலியாவின் ‘ரோபோடெட்’ அதற்குப் பதில். உதவித்தொகை பெற்றவர்களின் ஆண்டு வருமானத்தை இருவாரத் தவணைகளாகச் சமமாகப் பிரித்து, கூடுதலாக வாங்கிவிட்டீர்கள், திருப்பிக் கட்டுங்கள் என்று அரசு கடன் நோட்டீஸ் அனுப்பியது. சில மாதம் வேலை, சில மாதம் வேலையின்மை என்று வாழ்பவருக்கு அந்தச் சராசரி பொருந்தவே பொருந்தாது. கணினி தனக்கு இட்ட வேலையைப் பிசகின்றிச் செய்தது. இட்ட விதிதான் சட்டவிரோதமானது. 2020இல் 70 கோடி ஆஸ்திரேலிய டாலருக்கு மேல் திருப்பித் தர அரசு ஒப்புக்கொண்டது. அதற்குள் நொறுங்கிப்போன குடும்பங்களை 2023ஆம் ஆண்டு அரச ஆணைய அறிக்கை பதிவுசெய்தது. பிழையற்ற மென்பொருளும் அநியாயம் செய்யும், அதை ஏவியவர் அநியாயம் செய்தால்.

ஒவ்வொரு பதிவையும் நிரூபிக்கச் சொன்னால் நிர்வாகமே நின்றுவிடும் என்ற அச்சமும் உண்டு. ஒவ்வொன்றையும் நிரூபிக்க யாரும் கேட்கவில்லை. மறுப்பு எழும்போது காட்டுங்கள் என்பதே கோரிக்கை. கடைக்காரரின் தராசை அவர் சொல்லை வைத்து நாம் நம்புவதில்லை. அரசு முத்திரை கேட்கிறோம். ஒருவரைச் சிறைக்கு அனுப்பும் மென்பொருளுக்கு அந்தக் குறைந்தபட்சச் சோதனையாவது வேண்டாமா?

நம் நாட்டு நிலைமையும் நிம்மதி தருவதாக இல்லை. 2024 ஜூலையில் நடைமுறைக்கு வந்த பாரதிய சாட்சிய அதினியத்தின் 63ஆம் பிரிவு மின்னணுப் பதிவுக்குச் சான்றிதழ் கேட்கிறது. அந்த அளவில் அது நல்லது. ஆனால் நகலெடுத்த கோப்பு மாற்றப்படவில்லை என்பதற்குத்தான் அதில் வலுவான சான்று இருக்கிறது. மென்பொருள் சரியாகக் கணக்கிட்டதா என்பதற்கு, கணினி ஒழுங்காக இயங்கியது என்ற உறுதிமொழிதான். நீதிமன்றத்துக்கு வெளியே அதுவும் இல்லை. கைரேகை விழாத முதியவர் ரேஷன் கடையில் தன்னைத் தானே நிரூபிக்கக் காத்திருக்கிறார். கருவியை நிரூபிக்கச் சொல்ல அவருக்கு வழியில்லை.

ஆகவே மூன்று மாற்றங்கள் வேண்டும். கணினிப் பதிவை ஒருவர் மறுத்தால், அது சரி என்று காட்டும் பொறுப்பு கணினியை வைத்திருப்பவருக்கே இருக்க வேண்டும். அந்த மென்பொருளின் பிழைப் பதிவேடும், யார் எப்போது பதிவை மாற்றினார்கள் என்ற விவரமும் மறுப்பவர் கைக்கு வர வேண்டும். அரசு வாங்கும் எந்த மென்பொருளிலும் “இதை நான் ஏற்கவில்லை” என்று பதிய இடம் இருக்க வேண்டும்; அந்தப் பதிவை ஒரு மனிதர் விசாரித்து எழுத்தில் பதில் தர வேண்டும்.

அந்த 555 பேரின் வழக்கை முன்னின்று நடத்திய போஸ்ட் மாஸ்டர் ஆலன் பேட்ஸின் ஒப்பந்தத்தை 2003இல் பறித்தார்கள். ஹொரைசனின் உண்மை நீதிமன்றத்தில் நிலைநாட்டப்பட 2019 ஆயிற்று. தண்டனைகளை மொத்தமாக ரத்துசெய்ய நாடாளுமன்றம் 2024இல் தனிச்சட்டமே இயற்ற வேண்டியிருந்தது. குறைந்தது 13 பேர் இந்த விவகாரத்தால் உயிரை மாய்த்துக்கொண்டிருக்கலாம் என்றது விசாரணை ஆணையத்தின் 2025 ஜூலை அறிக்கை. கணினியை நம்பும் அந்தச் சட்ட அனுமானத்தை மறுபரிசீலனை செய்ய, 2025 ஜனவரியில்தான் அந்நாட்டு அரசு கருத்து கேட்கவே தொடங்கியது. இத்தனை உயிர்களைக் கொடுத்து அவர்கள் கற்ற பாடத்தை நாம் இலவசமாகக் கற்கலாம். அதற்கு, கணினி சொல்வதும் ஒரு தரப்பின் வாதமே என்று நம் சட்டம் எழுதிவைக்க வேண்டும்.