கிரகணம் வைத்த பரீட்சை

கழக்கூட்டம் என்றால் இன்று பலருக்கும் நினைவுக்கு வருவது 1990-ல் தொடங்கிய டெக்னோபார்க். அங்கிருந்து கடற்கரைப் பக்கம் சில கிலோமீட்டர் போனால் தும்பா. 1963 நவம்பர் 21 அன்று இந்தியாவின் முதல் விண்வெளி ஆராய்ச்சி ராக்கெட் கிளம்பிய மீனவ கிராமம்.

தும்பாவில் உள்ள விண்வெளி இயற்பியல் ஆய்வகத்துக்கு 2010 ஜனவரி 15 அன்று அபூர்வமான வாய்ப்பு கிடைத்தது. கங்கண சூரிய கிரகணம். பிற்பகல் ஒரு மணியை ஒட்டி, உச்சி வெயில் நேரத்தில், சூரியன் வெறும் வளையமாகச் சுருங்கியது. ராக்கெட்டுகள் மேலே பாய்ந்தன. தரையில் கருவிகள் காற்றில் உள்ள ஓசோனை அளந்துகொண்டிருந்தன. வெளிச்சம் மங்க, ஓசோனும் குறைந்தது.

காரணம் எளிது. வாகனப் புகையில் பிறக்கும் நைட்ரஜன் டை ஆக்சைடை வெயில் உடைக்கிறது. பிரிந்த ஆக்சிஜன் அணு, காற்றில் உள்ள ஆக்சிஜனோடு சேர்ந்து ஓசோன் ஆகிறது. நல்ல வெயிலில் அந்த மூலக்கூறு உடையாமல் தாக்குப்பிடிப்பது சராசரியாக இரண்டு நிமிடம்தான். மிஞ்சிய நைட்ரிக் ஆக்சைடு ஓசோனைத் தின்று பழைய வடிவத்துக்குத் திரும்புகிறது. இதற்கு வெயில் தேவையில்லை. ஆகவே வெளிச்சம் குறைந்தால் வரவு சுருங்கும், செலவு தொடரும்.

கம்ப்யூட்டரில் இதை நடத்திப் பார்ப்பது அவ்வளவு எளிதல்ல. மூன்று எண்கள் வேண்டும். ஒவ்வொரு அலைநீளத்திலும் எவ்வளவு ஒளி வருகிறது, மூலக்கூறு அதில் எவ்வளவை உறிஞ்சுகிறது, உறிஞ்சினால் உடையும் வாய்ப்பு என்ன. மூன்றையும் பெருக்கிக் கூட்டினால் உடையும் வேகம் கிடைக்கும். பின்னிரண்டும் ஆய்வுக்கூடத்தில் கிடைப்பவை. முதலாவதைத் தீர்மானிப்பது வானம். சூரியனின் உயரம், மேலே உள்ள ஓசோன் படலம், தூசி, மேகம் எல்லாமே கணக்கில் வரும். மழை மேகத்துக்குக் கீழே இருட்டு. மேலேயோ, பிரதிபலிப்பால் வழக்கத்தைவிட அதிக வெளிச்சம். உலகம் முழுவதற்கும் மணிக்கு மணி இதைக் கணக்கிடக் கம்ப்யூட்டர் திணறும். அதனால் குறுக்கு வழிகள். 2000-ல் வெளியான 'ஃபாஸ்ட்-ஜே' முறை, கீழ் வளிமண்டலத்துக்கு ஏழே அலைநீளத் தொகுதிகளை வைத்துச் சமாளித்தது.

குறுக்கு வழி சரிதானா? அதைச் சோதிக்க இயற்கை வைக்கும் பரீட்சைதான் கிரகணம். சூரியனின் விளிம்பு நடுப்பகுதியைவிட மங்கலானது. புற ஊதாக் கதிர்களில் இன்னும் மங்கல். ஆகவே மறைந்த பரப்பை மட்டும் கழித்துக் கணக்குப் போடும் மாதிரி, வளைய நேரத்தில் வெளிச்சத்தை மிகையாக மதிப்பிட்டுவிடும்.

சில நிமிட இருட்டுக்கு இவ்வளவு ஆராய்ச்சியா என்று கேட்கலாம். உயரத்தில் நம்மைக் காக்கும் ஓசோன், தரையில் நுரையீரலுக்கும் நெல், கோதுமைப் பயிர்களுக்கும் பகை. எந்தப் புகையைக் குறைத்தால் அது குறையும் என்று அரசுக்குச் சொல்பவை இந்த மாதிரிகள்தான். மேகமும் தூசியும் மண்டிய நம் வானத்தில் ஒளிக் கணக்கு பிசகினால், ஆலோசனையும் பிசகும். ஓசோனை அளக்கும் இடத்திலேயே புற ஊதா ஒளியையும் அளப்பது ஆடம்பரமல்ல. கிரகணம் எப்போதோ வரும். மேகம் தினமும் வருகிறது.