சிம் பூட்டுக்கு ஒரு கெடு வேண்டும்

கொல்லிமலைக்கு வண்டியில் ஏற காரவள்ளி வழியாகப் போனால் 70 கொண்டை ஊசி வளைவுகள். ராசிபுரம் பக்கத்திலிருந்து வருபவர்களுக்கு முள்ளுக்குறிச்சி வழி இருக்கிறது. எந்த வழியில் ஏறினாலும் கைபேசிக்குச் சோதனைதான். ஒரு சரிவில் ஒரு நிறுவனத்தின் டவர் எடுக்கும். அடுத்த திருப்பத்தில் அது போய் இன்னொன்று எடுக்கும். சில இடங்களில் எதுவுமே எடுக்காது. 2021இல் கொரோனா ஊரடங்கின்போது அடிவாரச் சிற்றூர்ப் பிள்ளைகள் ஆன்லைன் வகுப்புக்காக ஆலமரக் கிளைகளில் ஏறி உட்கார்ந்திருந்த படங்கள் நாளிதழ்களில் வந்தன.

இப்படிப்பட்ட ஊரில் வாழ்பவர் கைபேசி வாங்கும்போது பார்க்க வேண்டியது கேமராவை அல்ல, தன் வீட்டு வாசலில் எந்த சிம் எடுக்கிறதோ அதை அந்தக் கருவி ஏற்குமா என்பதைத்தான். ஒரே நிறுவனத்தின் சிம்முக்குப் பூட்டப்பட்ட கைபேசி அந்தக் கேள்வியையே இல்லாமல் செய்துவிடுகிறது. விலை குறைவு என்று வாங்கியவர், வீட்டில் டவர் இல்லை என்றால் கருவியைத்தான் மாற்ற வேண்டும். சிம்மை மாற்றிப் பயனில்லை.

பூட்டு வேலை செய்யும் விதம் எளிது. ஒவ்வொரு சிம்மிலும் ஒரு நீண்ட அடையாள எண் பதிந்திருக்கிறது. அதன் முதல் மூன்று இலக்கங்கள் நாட்டைக் குறிக்கும்; இந்தியாவுக்கு 404, 405. அடுத்து வருபவை நிறுவனத்தையும் அதன் தொலைத்தொடர்பு வட்டத்தையும் குறிக்கும். சிம்மைச் செருகியதும் கைபேசி இந்த எண்ணைப் படித்து, தனக்குள் எழுதிவைத்த பட்டியலோடு ஒப்பிடுகிறது. பட்டியலில் இல்லாத சிம் என்றால் அழைப்பும் இல்லை, இணையமும் இல்லை. கருவியில் எந்தப் பழுதும் கிடையாது. சில வரிக் கட்டளை ஒன்று தடுக்கிறது, அவ்வளவுதான். அதே நிறுவனம் மனம் வைத்தால் ஒரு குறியீட்டைக் கொடுத்தோ, இணையம் வழியாகவோ சில நிமிடங்களில் அதை நீக்கிவிட முடியும்.

பூட்டில்லாத கைபேசியின் அருமையைத் தமிழ்நாடு ஒருமுறை கண்ணெதிரே பார்த்தது. 1999இல் இங்கே சேவையைத் தொடங்கி மாநிலத்தின் முன்னணி நிறுவனமாக வளர்ந்த ஏர்செல், 2018 பிப்ரவரியில் திடீரென்று மௌனமானது. டவர் நிறுவனங்களுக்கான பாக்கியால் சிக்னல் அறுந்தது. வங்கிக் கணக்கு, ஆதார், எரிவாயு பதிவு எல்லாம் அந்த எண்ணோடு கட்டப்பட்டிருந்த மக்கள், எண்ணை வேறு நிறுவனத்துக்கு மாற்றும் குறியீட்டுக்காக ஏர்செல் கடைகளின் முன் திரண்டார்கள். அந்த மாதம் 28ஆம் தேதி நிறுவனம் திவால் மனு தாக்கல் செய்தது. குறியீடு கிடைத்தவர்கள் புது சிம் வாங்கிப் பழைய கைபேசியிலேயே போட்டுக்கொண்டார்கள். அலைச்சல் இருந்தது, ஆனால் புதுக் கருவி வாங்கும் செலவு இல்லை. அந்தக் கைபேசிகளெல்லாம் ஏர்செல்லுக்கு மட்டும் என்று பூட்டப்பட்டிருந்தால் வீட்டுக்கு வீடு ஒரு செயலற்ற கருவி கிடந்திருக்கும்.

அதற்கும் முன்னுதாரணம் உண்டு. 2003 ஜூலையில் ரிலையன்ஸ் இன்போகாம் 501 ரூபாய் முன்பணத்தில் கைபேசி கொடுத்தபோது அது பெரிய புரட்சியாகப் பேசப்பட்டது, பேசப்பட வேண்டியதும்தான். ஆனால் அந்த சிடிஎம்ஏ கருவிகள் பலவற்றில் கழற்றி மாற்றும் சிம்மே கிடையாது. எண்ணும் கருவியும் ஒன்று. பின்னாளில் அந்தச் சேவை மூடப்பட்டபோது கருவிகளுக்கும் வேலை முடிந்தது. 2008 ஆகஸ்டில் ஏர்டெல், வோடபோன் வழியாக ஐபோன் 3ஜி வந்தபோது கதை இன்னும் விநோதம். அமெரிக்காவில் ஒப்பந்தத்தோடு 199 டாலருக்குக் கிடைத்த கருவிக்கு இங்கே 31,000 ரூபாய். சலுகை எதுவும் இல்லாமல் முழு விலை வாங்கினார்கள், பூட்டையும் போட்டார்கள்.

இன்றைய பூட்டு ஏழைகளின் கருவியில் இருக்கிறது. 2017இல் அறிமுகமான ஜியோபோன் 1,500 ரூபாய் வைப்புத்தொகைக்குக் கிடைத்தது. மூன்று ஆண்டு கழித்துத் திருப்பித் தருவதாக அறிவிப்பு. 2023 ஜூலையில் வந்த ஜியோபாரத் 999 ரூபாய். 28 நாளுக்கு 123 ரூபாய் ரீசார்ஜ். இரண்டிலும் பிற நிறுவன சிம் வேலை செய்யாது. ஐம்பதாயிரம், ஒரு லட்சம் கொடுத்துக் கடையில் கைபேசி வாங்குபவருக்கு எந்தப் பூட்டும் இல்லை. ஆயிரம் ரூபாயைச் சேர்த்துவைத்து வாங்குபவருக்கு மட்டும் உண்டு.

நிறுவனங்களின் வாதத்தை ஒதுக்கிவிட முடியாது. அந்த விலைக்கு 4ஜி கைபேசி கொடுப்பது வியாபாரக் கணக்கில் கட்டுப்படியாகாது. ரீசார்ஜில் மீட்கலாம் என்ற நம்பிக்கையில்தான் விலையைக் குறைக்கிறார்கள். பூட்டு இல்லையென்றால் வாங்கிய மறுநாளே வேறு சிம் போட்டுக்கொள்வார்கள், பிறகு மலிவு விலைக் கைபேசியே சந்தையில் இருக்காது என்கிறார்கள். பட்டன் போனிலிருந்து இணையத்துக்கு லட்சக்கணக்கானோர் நகர்ந்தது இந்தக் கருவிகளால்தான் என்பதும் உண்மை.

ஆனால் இந்த வாதம் நியாயப்படுத்துவது கெடு உள்ள பூட்டைத்தான். கருவியில் விட்டுக்கொடுத்த தொகை எவ்வளவு, எத்தனை ரீசார்ஜில் அது தேறிவிடும் என்பது நிறுவனத்தின் கணக்குப் புத்தகத்தில் தெளிவாகவே இருக்கும். தேறிய பிறகும் பூட்டு தொடர்ந்தால் அது கடனை மீட்கும் ஏற்பாடு அல்ல, வாடிக்கையாளரைப் பிடித்துவைக்கும் ஏற்பாடு. திருட்டைத் தடுக்கத்தான் பூட்டு என்ற இன்னொரு காரணமும் இப்போது நிற்காது. தொலைந்த கைபேசியை அதன் 15 இலக்க ஐஎம்இஐ எண்ணைக் கொண்டு எல்லா நெட்வொர்க்குகளிலும் முடக்கும் வசதி, 2023 மே மாதம் முதல் சஞ்சார் சாத்தி தளத்தின் வழியாக நாடு முழுவதும் இருக்கிறது.

இந்தியச் சட்டமே ஒப்புக்கொண்ட ஓர் உரிமையோடும் பூட்டு மோதுகிறது. எண்ணை மாற்றாமல் நிறுவனத்தை மாற்றும் வசதி 2010 நவம்பரில் ஹரியானாவில் தொடங்கி, 2011 ஜனவரி 20 அன்று நாடெங்கும் வந்தது. அதன் பயன் 2024 ஜூலையில் தெரிந்தது. தனியார் நிறுவனங்கள் மூன்றும் கட்டணத்தை உயர்த்தின. அந்த ஒரு மாதத்தில் பிஎஸ்என்எல் சுமார் 29 லட்சம் வாடிக்கையாளர்களைப் புதிதாகப் பெற்றது. கட்டண உயர்வுக்கு மக்கள் சொல்லக்கூடிய பதில் அது ஒன்றுதான். பூட்டிய கைபேசிக்காரருக்கு அந்தப் பதிலைச் சொல்லவும் வழியில்லை. எண்ணைத் தாராளமாக எடுத்துக்கொண்டு போகலாம்; போட்டுப் பேசக் கருவி வேண்டுமே.

மத்திய அரசு, 2022 ஜூலையில், சிக்னலே இல்லாத 24,680 கிராமங்களுக்கு 4ஜி கொண்டுசெல்ல 26,316 கோடி ரூபாய்த் திட்டத்துக்கு ஒப்புதல் அளித்தது. அந்த வேலை பிஎஸ்என்எல்லிடம் இருக்கிறது. மக்கள் வரிப்பணத்தில் ஒரு மலைச் சிற்றூருக்கு டவர் வந்து நிற்கும்போது, அங்குள்ளவர் கையில் இருக்கும் பூட்டிய கைபேசி அந்த டவரோடு பேச மறுத்தால் யாருக்காகப் போட்ட டவர் அது?

ஊரைவிட்டுப் புறப்படும்போது சிக்கல் இரட்டிப்பாகிறது. கொல்லிமலை இருக்கும் நாமக்கல் மாவட்டம் இடம்பெயர்ந்து உழைப்பதற்குப் பேர்போனது. திருச்செங்கோட்டு ரிக் வண்டிகள் வட இந்தியா முழுக்கத் துளையிட்டு, ஆப்பிரிக்க நாடுகள்வரை போகின்றன. லாரி ஓட்டுநர்கள் மாநிலம் மாநிலமாகச் சுற்றுகிறார்கள். கொல்லிமலையிலிருந்து மிளகு, காபித் தோட்ட வேலைக்குக் கேரளத்துக்கும் குடகுக்கும் போகிறவர்கள் இருக்கிறார்கள். வெளிநாட்டில் இறங்கியவர் முதலில் தேடுவது உள்ளூர் சிம். ரோமிங் கட்டணத்தில் தினமும் வீட்டுக்குப் பேச எந்தத் தொழிலாளிக்கும் கட்டுப்படியாகாது. பூட்டிய கைபேசி அந்த சிம்மை ஏற்காது.

எதிர்த்திசையிலும் இதே கதைதான். அமெரிக்காவில் வேலை பார்க்கும் மகனோ மருமகளோ ஆசையாக அனுப்பிவைக்கும் ஐபோன் பூட்டப்பட்டதாக இருந்தால், இங்கே வந்து சிம் போட்டதும் ஏற்க மறுக்கும். அந்நாட்டு நிறுவனங்கள் பூட்டைத் திறக்கப் பொதுவாகக் கேட்பவை இரண்டு: தவணை முழுவதும் கட்டியிருக்க வேண்டும், குறிப்பிட்ட நாள்கள் அவர்கள் நெட்வொர்க்கில் ஓடியிருக்க வேண்டும். கணக்கு வைத்திருப்பவர்தான் விண்ணப்பிக்க முடியும். விமானம் ஏறுமுன் முடிக்க வேண்டிய வேலை இது. ஐபோன் அமைப்புகளில், கருவியைப் பற்றிய பக்கத்தில், பூட்டு இருக்கிறதா இல்லையா என்று ஒரு வரி சொல்லும். பழைய கைபேசியைப் பணம் கொடுத்து வாங்குபவரும் அந்த வரியைப் பார்த்துவிட்டு வாங்குவது நல்லது. பார்க்காதவர்கள்தான் பிறகு சிம்முக்கு அடியில் மெல்லிய சிப் வைத்து ஏமாற்றும் முறைக்கும், கட்டணம் வாங்கிக்கொண்டு திறந்துதருவதாகச் சொல்லும் இடைத்தரகர்களுக்கும் போகிறார்கள். அடுத்த மென்பொருள் அப்டேட்டில் அந்த சிப் செயலிழந்துபோகலாம். தரகரும் காணாமல் போகலாம்.

பிற நாடுகள் இதை நுகர்வோர் உரிமையாகவே கையாண்டிருக்கின்றன. அமெரிக்காவில் 2013 ஜனவரிக்குப் பிறகு வாங்கிய கைபேசியை நிறுவனத்தின் அனுமதியில்லாமல் திறப்பது பதிப்புரிமை மீறல் என்ற நிலை வந்தது. 1,14,000 பேருக்கு மேல் வெள்ளை மாளிகைக்கு மனு போட்டார்கள். 2014 ஆகஸ்ட் 1 அன்று அதிபர் ஒபாமா அதை மாற்றும் சட்டத்தில் கையெழுத்திட்டார். கனடாவில் 2016இல் மட்டும் பூட்டுத் திறப்புக் கட்டணமாக நிறுவனங்கள் 3.77 கோடி டாலர் வசூலித்திருந்தன. 2017 டிசம்பர் 1 முதல் அந்தக் கட்டணம் தடை செய்யப்பட்டது, புதுக் கைபேசிகள் பூட்டின்றியே விற்கப்படுகின்றன. ஜப்பான் 2021 அக்டோபரிலும், பிரிட்டன் அதே ஆண்டு டிசம்பரிலும் இவ்வழியில் வந்தன. இந்நாடுகளில் கைபேசி வியாபாரம் படுத்துவிடவில்லை.

இங்கே இன்னொரு பூட்டும் எட்டிப்பார்க்கிறது. தவணை தவறினால் கடன் கொடுத்த நிறுவனம் தொலைவிலிருந்தே கைபேசியை முடக்கும் செயலிகளை நிறுத்தச் சொன்ன ரிசர்வ் வங்கி, கடன் வாங்குபவரின் முன் ஒப்புதலோடு அதை அனுமதிப்பது பற்றிப் பரிசீலிப்பதாக 2025இல் செய்திகள் வந்தன. சிம் பூட்டும் கடன் பூட்டும் வேறு வேறு. ஆனால் இரண்டிலும் விலை கொடுத்தவரின் கையிலிருக்கும் கருவிக்குச் சாவி வேறொருவரிடம் இருக்கிறது. முதல் பூட்டுக்கு விதி வகுக்காமல் இரண்டாவதற்குக் கதவைத் திறப்பது சரியல்ல.

தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் செய்ய வேண்டியவை கடினமானவை அல்ல. முழு விலைக்கு விற்கும் கைபேசியில் எந்த சிம் பூட்டும் கூடாது. சலுகை விலைக் கருவியில் பூட்டு வைத்தால், அதிகபட்சம் ஆறு மாதத்தில், அல்லது சொன்ன தொகைக்கு ரீசார்ஜ் செய்து முடித்த நாளில், யாரும் விண்ணப்பிக்காமலே அது தானாகத் திறக்க வேண்டும். ஏற்கெனவே விற்ற ஜியோபோன், ஜியோபாரத் கருவிகளுக்கும் இது பொருந்த வேண்டும். திறக்கக் கட்டணம் கூடாது. இந்த நிறுவனத்தின் சிம் மட்டுமே, இந்தத் தேதிவரை என்று பெட்டியின் மேல் தமிழிலும் பெரிய எழுத்தில் அச்சிட வேண்டும். நிறுவனம் சேவையை நிறுத்தினாலோ, வாங்கியவரின் ஊரில் அதன் சிக்னல் கிடைக்காவிட்டாலோ, வெளிநாட்டு வேலைக்கான விசாவைக் காட்டினாலோ, கெடுவுக்கு முன்பே ஏழு நாளில் திறந்து கொடுக்க வேண்டும். மறுக்கும் நிறுவனம் கருவியின் விலையைத் திருப்பித் தர வேண்டும் என்பதையும் அந்த விதியிலேயே எழுதிவிட வேண்டும்.