எங்கள் இதயத்தின் கணக்கு

மிசிசிப்பி மாநிலம் ஜாக்சன் நகரின் கறுப்பின மக்களாகிய நாங்கள், செவிலியரும் சலூன்காரர்களும் தேவாலயப் பெண்களும் ஓய்வுபெற்ற ஆசிரியர்களும் கூடி, இந்த இயக்கத்தைத் தொடங்குகிறோம். எங்களில் யாருக்கு மாரடைப்போ பக்கவாதமோ வரும் என்று கணிக்கும் கணக்கில் இனி எங்கள் பேச்சும் எடுபட வேண்டும்.

1948-இல் மாசசூசெட்ஸின் பிராமிங்காமில் 5,209 பேரைக் கொண்டு தொடங்கிய ஆய்விலிருந்துதான் இரத்த அழுத்தம், கொழுப்பு, புகை ஆகியவை இதயத்தை என்ன செய்கின்றன என்று உலகம் கற்றது. அந்த நன்றி எங்களுக்கு உண்டு. ஆனால் அவர்களில் ஏறத்தாழ அனைவரும் வெள்ளையர். அரை நூற்றாண்டு கழித்து, 2000-இல், ஜாக்சனிலேயே எங்களைக் கொண்டு ஓர் ஆய்வு தொடங்கியது. ஹைண்ட்ஸ், மேடிசன், ராங்கின் கவுண்டிகளிலிருந்து 5,306 பேர் வந்து இரத்தம் கொடுத்தார்கள். டஸ்கீகியில் 1932 முதல் 1972 வரை சிபிலிஸ் கண்ட கறுப்பின ஆண்களுக்கு மருந்து தராமல் வேடிக்கை பார்த்த அரசு ஆய்வை மறக்காமலே கொடுத்தார்கள். அந்த நம்பிக்கைக்கான கூலி இன்னும் முழுதாக வந்து சேரவில்லை.

மாரடைப்பு, பக்கவாத அபாயத்தைச் சொல்ல 2013-இல் வந்த கணிப்பானைப் பாருங்கள். வயது, பாலினம், மொத்தக் கொழுப்பு, நல்ல கொழுப்பு, மேல் இரத்த அழுத்தம், அதற்கான மருந்து, சர்க்கரை நோய், புகை, கூடவே இனம் என்றொரு கட்டம். வெள்ளையர், ஆப்பிரிக்க அமெரிக்கர், மற்றோர் என்று மூன்றே விடை. கட்டத்தை மாற்றினால் அபாய விழுக்காடு மாறும், அது 7.5-ஐத் தொட்டால் கொழுப்பைக் குறைக்கும் ஸ்டாட்டின் மருந்தின் பேச்சு எழும். மற்ற எண்கள் அத்தனையும் ஒன்றாக இருந்தும், எங்களில் சிலருக்கு வெள்ளையரைவிடக் கூடுதல் அபாயம் காட்டியது. சிலருக்கு நம்ப முடியாத அளவு குறைத்துக் காட்டியது. அந்தக் கட்டத்துக்குள் எதை அடைத்திருந்தார்கள்? மரபணுவையா? 1930களில் எங்கள் வட்டாரங்களை வரைபடத்தில் சிவப்பாக்கி வீட்டுக்கடன் மறுத்ததையா? 2022 ஆகஸ்டில் நகரமே நல்ல தண்ணீரின்றித் தவித்ததையா? ஏழைகளுக்கான அரசு மருத்துவக் காப்பீடான மெடிக்கெய்டை விரிவாக்க மறுத்துவந்த மாநில அரசையா? எல்லாவற்றையும் தோலின் பெயரில் எழுதிவிட்டால் யாரும் பதில் சொல்ல வேண்டியதில்லை.

அமெரிக்க இதயச் சங்கம் 2023-இல் வெளியிட்ட ப்ரிவென்ட் சமன்பாடுகளில் இனம் இல்லை. சிறுநீரகச் செயல்பாடு சேர்ந்தது. இதயச் செயலிழப்பும் கணிக்கப்படுகிறது. 30 வயதிலிருந்தே பார்க்கலாம். அஞ்சல் குறியீட்டை வைத்து வட்டார வறுமையையும் சேர்க்கலாம். வரவேற்கிறோம். ஆனால் கைதட்டிவிட்டுக் கலைந்துபோக மாட்டோம். புதிய கணக்கு பொதுவாகவே பழையதைவிடக் குறைந்த எண்ணைத் தருகிறது. வரம்பை மட்டும் பழையபடி வைத்திருந்தால், மருந்து கிடைக்க வேண்டிய பலர் பட்டியலிலிருந்து விழுவார்கள். எங்களிடையே கூடுதலாகக் காணப்படும், மரபுவழி வரும் கொழுப்புத் துகளான லிப்போபுரதம்-ஏ இந்தக் கணக்கிலும் இல்லை. மரபில் இருப்பதை நாங்கள் மறுக்கவில்லை. அதை நேரடியாக அளந்து பாருங்கள், முகத்தைப் பார்த்து ஊகிக்காதீர்கள் என்கிறோம். இனத்தைச் சமன்பாட்டிலிருந்து எடுத்ததைச் சாக்காக்கி எங்களை ஆய்வுகளிலிருந்தும் எடுத்துவிட விடமாட்டோம்.

பிரஷர் பார்க்கும் பட்டையிலேயே தகராறு தொடங்குகிறது. பருத்த கையில் சிறிய பட்டையைச் சுற்றினால் எண் ஏறித்தான் காட்டும்; தவறான எண்ணை ஊட்டிவிட்டு நல்ல கணிப்பை எதிர்பார்க்க முடியாது. ஒவ்வொரு மருத்துவமனையிலும் எல்லா அளவிலும் பட்டை வேண்டும். கையைத் தாங்கி, சில நிமிடம் உட்காரவைத்துப் பார்க்க வேண்டும். வரும் எண்ணை எங்களிடம் சொல்ல வேண்டும்.

பிரஷரைச் சலூன்களிலும் பார்ப்போம். லாஸ் ஏஞ்சலிஸ் வட்டாரத்தில் 52 சலூன்களில் நடந்த ஆய்வு 2018-இல் வெளியானது. மருந்தாளுநர்கள் அங்கேயே வந்து மருந்து எழுதிக் கொடுத்தபோது, கறுப்பின ஆண்களின் மேல் இரத்த அழுத்தம் ஆறே மாதத்தில் சராசரியாக 27 புள்ளி இறங்கியது. மருத்துவரைப் பாருங்கள் என்று புத்திமதி மட்டும் சொன்ன சலூன்களில் இறங்கியது 9.

இனி இரத்தம் கேட்டு வரும் எந்த ஆய்வாளரிடமும் நாங்கள் முதலில் கேட்கப்போவது இதுதான்: அபாயம் அதிகம் என்று தெரிந்தவருக்கு யார் மருந்து தருவார், காசை யார் கட்டுவார்? எழுத்தில் பதில் தராத ஆய்வில் நாங்கள் சேரமாட்டோம்.