அனுபவம் யாருக்குச் சொந்தம்?

அனுபவத்துக்கு என்ன விலை என்று கேட்டால் நம்மில் பலர் வேதாந்தம் பேச ஆரம்பித்துவிடுவோம். சிங்கப்பூர் சர்க்காருக்கு அந்தத் தடுமாற்றமெல்லாம் இல்லை. மாதம் 400 வெள்ளி என்று கறாராகச் சொல்லிவிடுகிறது. டாலரை வெள்ளி என்பது அவ்வூர்த் தமிழர் வழக்கு. நாமும் அப்படியே சொல்வோம்.

அந்த ஊரில் கட்டட வேலைக்கு வெளிநாட்டிலிருந்து ஆள் எடுக்கிற முதலாளி, ஆளொன்றுக்கு இவ்வளவு என்று மாதாமாதம் சர்க்காருக்குத் தீர்வை கட்ட வேண்டும். இந்தியாவிலிருந்தோ வங்காள தேசத்திலிருந்தோ போகிறவன் அடிப்படைத் திறன் உள்ளவனானால், 2024 ஜனவரி முதல் அவனுக்காக 900 வெள்ளி. உயர்திறன் உள்ளவனானால் 500 வெள்ளி. கீழ்ப்படியிலிருந்து மேற்படிக்கு ஏறச் சில வழிகள் உண்டு. அவற்றில் ஒன்று அனுபவம். சிங்கப்பூர்க் கட்டட வேலையில் ஆறு வருஷம் உழைத்து, மாதம் 1,600 வெள்ளி நிலையான சம்பளமும் வாங்குகிறவன் உயர்திறன் ஆளாகக் கருதப்படுவான்.

இதைப் புகழ்கிறவர்கள் இருக்கிறார்கள். "பட்டத்தைப் பார்க்காமல் கைத்திறனைப் பார்க்கிறார்கள், பாருங்கள்!" என்கிறார்கள். வாஸ்தவம். நம் ஊரில் நாற்பது வருஷம் கரணையும் ரசமட்டமும் பிடித்த கொத்தனாரிடம், அவர் கொத்தனார்தான் என்று சொல்ல ஒரு துண்டுக் காகிதம் இராது. அவர் கட்டிய வீட்டில் குடியிருக்கிற நாமும் அதைப் பற்றிக் கவலைப்பட்டதில்லை. அனுபவத்தையும் ஒரு தகுதியாக எழுதி வைத்த சட்டத்தை நான் இகழ மாட்டேன்.

ஆனால் அந்த 400 வெள்ளி யாருடைய பைக்குப் போகிறது?

தீர்வை கட்டுகிறவர் முதலாளி. ஆகவே குறைப்பும் அவருக்குத்தான். வருஷத்துக்கு 4,800 வெள்ளி. வெயிலில் சாரத்தின் மேல் நின்று ஆறு வருஷம் தொழில் பழகியவன் ஒருவன். அந்தப் பழக்கத்துக்குத் தள்ளுபடி வாங்குகிறவர் வேறொருவர். இதற்கு 'அனுபவத்துக்கு மதிப்பு' என்று பெயர் சூட்டுவது எந்த ஊர் நியாயம்?

"தீர்வை குறைந்தால் முதலாளி நல்ல சம்பளம் கொடுத்துப் பழகிய ஆளை வைத்துக்கொள்வார்" என்று பதில் வரும். கொடுக்கிறவர்களும் இருப்பார்கள். 1,600 வெள்ளி என்ற நிபந்தனை அந்தப் பக்கமாகச் சிலரைத் தள்ளவும் கூடும். ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். தனக்கு வர வேண்டிய தீர்வையை வெள்ளிக் கணக்காக எழுதி வைக்கிற சர்க்கார், குறைத்த தீர்வையில் உழைப்பவனுக்கு இவ்வளவு பங்கு என்பதை மட்டும் முதலாளியின் நல்ல மனசுக்கு விட்டுவிடுகிறது. நல்ல மனசை நம்பித் தீர்வை வசூலிக்கிற சர்க்கார் உலகத்தில் எங்கேயாவது உண்டா? பேரம் பேசிப் பெறலாமே என்றால், அவனுடைய பர்மிட்டே அந்த முதலாளியோடு கட்டப்பட்டது. காலம் முடிகிற தறுவாயில் வேறிடம் போகலாம். நடுவில் போவதென்றால் பொதுவாக இருக்கிற முதலாளியின் சம்மதம் வேண்டும். கையைக் கட்டிப் போட்டுவிட்டுப் பேரம் பேசச் சொல்வதில் என்ன பொருள்?

சம்பளத்தைக்கூட விடுங்கள். அனுபவம் வாங்கித் தராதவை இன்னும் இருக்கின்றன. ஒர்க் பர்மிட்டில் இருக்கிறவன் பெண்டாட்டி பிள்ளைகளை அழைத்து வந்து வைத்துக்கொள்ள முடியாது. ஆறு வருஷமானாலும் முடியாது, இருபது வருஷமானாலும் முடியாது. அவ்வூர்ப் பெண்ணைக் கல்யாணம் செய்துகொள்ளச் சர்க்காரின் அனுமதி வேண்டும். நிரந்தரவாசத்துக்கு மனுப் போடவும் அந்தப் பர்மிட்டில் இடமில்லை.

முன்பு ஒரு வரம்பு இருந்தது. கட்டட வேலையில் அடிப்படைத் திறனாளி 14 வருஷமும் உயர்திறனாளி 26 வருஷமும்தான் இருக்கலாம். 2025 ஜூலை 1 முதல் அந்த வரம்பை எடுத்துவிட்டார்கள். 63 வயது வரையில் வேலை செய்யலாம். நல்லது, சந்தோஷம். ஆனால் கணக்கைப் போட்டுப் பாருங்கள். இருபத்திரண்டு வயதில் போகிறவன் நாற்பத்தொரு வருஷம் அங்கே இருக்கலாம். நாற்பத்தொரு வருஷமும் தற்காலிக ஆளாகவே இருக்கலாம்! மனைவி மணப்பாறையிலோ மன்னார்குடியிலோ கிழவியாகிவிடுவாள்.

இதே ஊருக்கு உங்கள் பிள்ளையும் போகிறான், இன்ஜினீயராக. மாதச் சம்பளம் 6,000 வெள்ளியை எட்டிவிட்டால் மனைவியையும் குழந்தையையும் கூடவே அழைத்துக்கொள்ள வழியுண்டு. நேற்று விமானத்தில் இறங்கியவனானாலும் உண்டு. அங்கே யாரும் அனுபவத்தைக் கேட்பதில்லை. ஆக, முதலாளியின் தீர்வையைக் குறைக்க வேண்டுமானால் அனுபவம் கணக்கில் வரும். ஒரு மனுஷனைக் குடும்பஸ்தனாக வாழ விட வேண்டுமானால் சம்பளம்தான் கணக்கில் வரும். முதலாளியின் பேரேட்டில் வரவாகிற அனுபவம், தொழிலாளியின் பேரேட்டில் வெறும் வயதாக நின்றுவிடுகிறது.

"சின்னஞ்சிறு தீவு, அத்தனை பேரும் குடும்பத்தோடு வந்தால் இடமேது?" என்று கேட்பார்கள். கேட்க வேண்டிய கேள்விதான். யாரை வாசலுக்குள் விடுவது என்று தீர்மானிக்க ஒவ்வொரு தேசத்துக்கும் உரிமை உண்டு. எல்லோருக்கும் குடியுரிமை கொடு என்று நான் சொல்லவில்லை. ஆறு வருஷம் நிரூபித்தவனுக்குக் குறைந்த தீர்வையில் ஒரு பங்கைச் சட்டமே எழுதிக் கொடுக்கட்டும். முதலாளியை மாற்றிக்கொள்ளும் உரிமை எந்த மாதத்திலும் அவனுக்கு இருக்கட்டும். பத்து, பதினைந்து வருஷம் கழித்தாவது குடும்பத்தோடு வாழ ஒரு படி இருக்கட்டும். ஏணி என்று பெயர் வைத்தால், ஏறிப் போய்ச் சேர ஓர் இடம் இருக்க வேண்டாமா?

நமக்கும் இதில் பங்குண்டு. கடன் வாங்கித் திறன் தேர்வுக்குப் பயிற்சி எடுத்து, ஏஜெண்டுக்கும் கொட்டிக் கொடுத்துவிட்டுப் போகிறவனின் முதல் சம்பளங்கள் வட்டிக்கே போய்ச் சேருகின்றன. அவன் அனுப்புகிற பணத்தில் ஊரில் மாடி வீடு எழும்பினால் மட்டும், "சிங்கப்பூர்ச் சம்பாத்தியம்" என்று பெருமூச்சு விடுகிறோம். அவன் யாருக்கு எத்தனை வீடு கட்டினான், தன் வீட்டில் எத்தனை நாள் இருந்தான் என்று நாம் கேட்டதில்லை.

கையின் தேர்ச்சியைக் கூலிக்கு எடுக்கிற சட்டம், அந்தக் கைக்கு உடையவனையும் ஒரு மனுஷனாக எண்ணட்டும். அதுவரையில் அனுபவத்தை மதிக்கிறோம் என்ற பேச்சு, முதலாளிக்குக் கொடுத்த தள்ளுபடிச் சீட்டுதான்.