தாய் சி உலகை ஈர்த்தது எப்படி? சிலம்பத்துக்கு ஒரு பாடம்

அதிகாலைப் பூங்காக்களில் முதியோர் நிதானமாகக் கை, கால்களை அசைத்துச் செய்யும் சீனத்தின் தாய் சி பயிற்சி, இன்று சிங்கப்பூரின் சமூக மன்றங்கள் முதல் அமெரிக்காவின் முதியோர் மையங்கள் வரை பரவியுள்ளது. மனிதகுலத்தின் பண்பாட்டு மரபுகள் பட்டியலில் 2016-ஆம் ஆண்டு யோகாவைச் சேர்த்த யுனெஸ்கோ, 2020 டிசம்பரில் தாய் சியையும் சேர்த்தது.

இந்த வளர்ச்சிக்குத் தொன்மை மட்டுமே காரணமல்ல. தற்காப்புக் கலையாகத் தோன்றிய தாய் சியின் நீண்ட அசைவு வரிசைகளைக் கற்றுத் தேறப் பல ஆண்டுகள் ஆகும். 1956-ஆம் ஆண்டு சீன விளையாட்டு ஆணையம், பொதுமக்களுக்காக 24 அசைவுகள் கொண்ட எளிய வரிசையை வகுத்தது. அதற்குச் சில நிமிடங்கள் போதும். கருவிகளோ தனி அரங்கமோ தேவையில்லை.

அடுத்த காரணம் மருத்துவச் சான்று. அமெரிக்காவில் 195 பார்க்கின்சன் நோயாளிகளிடம் 24 வாரங்கள் நடத்தப்பட்ட ஆய்வின் முடிவுகள் 2012-இல் வெளியாகின. தாய் சி பயின்றோரின் உடற்சமநிலை மேம்பட்டது; தசைநீட்சிப் பயிற்சி செய்தோரைவிட அவர்கள் கீழே விழுவதும் குறைந்தது. உயர் ரத்த அழுத்தத்தின் தொடக்க நிலையில் இருந்த 342 பேரிடம் சீனாவில் நடத்தப்பட்டு 2024-இல் வெளியான ஆய்விலும், ஏரோபிக் பயிற்சியைவிடத் தாய் சி ரத்த அழுத்தத்தைக் கூடுதலாகக் குறைத்தது.

இது முதியோரின் உயிரோடு தொடர்புடைய விஷயம். உலக சுகாதார அமைப்பின் மதிப்பீட்டின்படி, கீழே விழுவதால் ஆண்டுதோறும் சுமார் 6.84 லட்சம் பேர் உயிரிழக்கின்றனர். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பிலேயே தமிழகத்தில் 60 வயதைக் கடந்தோர் 10.4 சதவீதம், தேசிய சராசரி 8.6 சதவீதம்.

சிலம்பத்தின் காலடி வரிசைகளும் உடற்சமநிலையைக் கோருபவையே. 2024 ஜனவரியில் தமிழகத்தில் நடைபெற்ற கேலோ இந்தியா இளைஞர் விளையாட்டுப் போட்டிகளில் சிலம்பம் செயல்விளக்க விளையாட்டாக இடம்பெற்றது. ஆனால், இத்தகைய அங்கீகாரம் இளைஞர்களின் போட்டிக் களத்துக்கானது. முதியோருக்கும் சிலம்பம் பயன்பட வேண்டுமெனில், அவர்களுக்கேற்ற குறுகிய, பாதுகாப்பான பயிற்சி வரிசை ஒன்றை ஆசான்களும் மருத்துவர்களும் இணைந்து வகுத்து, அதன் பலனை முறையாகச் சோதிக்க வேண்டும். தாய் சி கடந்து வந்த பாதை அதுவே.